குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய்: பரம்பரைக் காரணம் உண்டா என்று கண்டறியும் வழிமுறை

குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று உறுதியான நாளிலிருந்து பெற்றோர் மனத்தைக் குடையும் கேள்விகளில் முதன்மையானது, இது எங்களிடமிருந்து வந்ததா என்பதுதான். சிகிச்சையின் அவசரத்தில் அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அப்பா வழியா, அம்மா வழியா என்று உறவினர்கள் தாமாகவே பதில் சொல்லத் தொடங்குகிறார்கள். குழந்தையின் படுக்கையருகில் ஒருவருக்கொருவர் துணையாக நிற்க வேண்டிய இருவர், தனித்தனியே குற்ற உணர்வில் மருகிப்போகிறார்கள். இந்தக் கேள்விக்கு முறையாக விடை தேட வழி இருக்கிறது. மருத்துவரிடம் எதைக் கேட்பது, எந்தத் தாள்களை எடுத்துவைப்பது, எந்த மாதிரியில் பரிசோதனை செய்வது, வந்த அறிக்கையை எப்படிப் படிப்பது, மற்றக் குழந்தைகள் விஷயத்தில் என்ன செய்வது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். சிகிச்சை பற்றிய முடிவுகள் உங்கள் மருத்துவக் குழுவுக்கு உரியவை. அவர்கள் முன் சரியான கேள்வியோடு போய் அமர இது உதவும்.

மரபணு மாற்றம் வேறு, பரம்பரை வேறு

இரத்தப் புற்றுநோய் எல்லாமே மரபணு மாற்றத்தால் வருவதுதான். எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுவாக முதிர வேண்டிய ஒரு செல்லின் டிஎன்ஏவில் பிழைகள் சேர்ந்து, அது முதிராமலேயே பெருகத் தொடங்குவதைத்தான் லுகேமியா என்கிறோம். பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தப் பிழை அந்த ஒரு செல்லிலும் அதிலிருந்து பெருகிய செல்களிலும் மட்டுமே இருக்கிறது. குழந்தையின் தோலில் இருக்காது, கல்லீரலில் இருக்காது, பெற்றோரிடமும் இருக்காது. ஆனால் மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கையில் "மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது" என்ற வரியைப் படித்த மாத்திரத்தில், தம் குடும்பத்திலேயே குறை இருப்பதாக எழுதிவிட்டார்கள் என்று நெஞ்சுடைந்துபோகும் பெற்றோர் அநேகர். அந்த வரி பெரும்பாலும் நோய்ச் செல்லைப் பற்றியது. குழந்தையைப் பற்றியதோ உங்களைப் பற்றியதோ அன்று.

ஆகவே எந்த அறிக்கை கையில் வந்தாலும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இந்த மாற்றம் நோய்ச் செல்லில் மட்டும் இருக்கிறதா, அல்லது குழந்தையின் உடல் முழுவதும் பிறவியிலேயே இருக்கிறதா?" குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் வகையான ஏஎல்எல் என்னும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில், இடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் இணைவு ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குக் காணப்படுகிறது. குரோமோசோம் எண்ணிக்கை 46-க்குப் பதிலாக 50-ஐத் தாண்டியிருப்பதும் ஏறக்குறைய அதே அளவுக்குக் காணப்படுகிறது. ஒரு சிறு பகுதியினருக்கு 9, 22 ஆகிய குரோமோசோம்களுக்கிடையே இடமாற்றம் நிகழ்ந்து பிலடெல்பியா குரோமோசோம் உண்டாகியிருக்கும். இவை மூன்றும் நோய்ச் செல்லில் நிகழ்ந்தவை. தலைமுறை வழியாக வந்தவை அல்ல.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. பிறவியிலேயே இருந்தது என்பதும் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதும் ஒன்றல்ல. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதோ, கரு உண்டான தொடக்க நாட்களிலோ புதிதாக ஒரு மாற்றம் நேரலாம். அப்போது அது குழந்தையின் எல்லாச் செல்களிலுமோ பல செல்களிலுமோ இருக்கும், ஆனால் தாய் தந்தை இருவரிடமும் இருக்காது. அதுபோலவே, கருப்பையில் தொடங்கியது என்பதும் பரம்பரை என்று பொருள்படாது. இதை ஐயமறக் காட்டியவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைக் குழந்தைகள்தான். இருவருக்கும் லுகேமியா வந்த சில இணைகளில், நோய்ச் செல்லின் டிஎன்ஏ ஒட்டுப்போட்ட இடம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது. தற்செயலாக இரண்டு முறை அப்படி நேர வாய்ப்பே இல்லை. ஒரு குழந்தையிடம் உண்டான செல், இருவரும் பகிர்ந்துகொண்ட நச்சுக்கொடி வழியாக மற்றொரு குழந்தையின் உடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் பிரிட்டன் ஆய்வாளர் மெல் கிரீவ்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுத்து அட்டையில் உலர வைத்திருந்த இரத்தத் துளிகளைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் நோயுற்ற குழந்தைகளின் அட்டைகளிலேயே அந்த மாற்றம் பதிவாகியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு, இடிவி6–ரன்எக்ஸ்1 இணைவு உள்ள இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய பத்தில் ஒரு முறைதான். நோய் முற்ற, பிறந்த பிறகு இரண்டாவதாக இன்னொரு மாற்றமும் நேர வேண்டியிருக்கிறது. முதல் வயதுக்குள் வரும், கேஎம்டி2ஏ என்ற மரபணு மாறிய வகை மட்டும் இதற்கு விலக்கு. அதில் இரட்டையர் இருவருக்கும் நோய் வருவது ஏறத்தாழ உறுதி.

எத்தனை பேருக்குப் பிறவிக் காரணம் இருக்கிறது?

அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், புற்றுநோயுற்ற 1120 குழந்தைகள், இளையோரின் டிஎன்ஏவைப் பார்த்தபோது 8.5 சதவீதத்தினரிடம் புற்றுநோய்க்கு இடங்கொடுக்கும் பிறவி மாற்றம் இருந்தது. லுகேமியா வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 4.4 சதவீதம். அதாவது நூறு பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு அப்படி ஒரு காரணம் கிடைக்கவில்லை. இது ஆறுதலான எண் என்றாலும், எஞ்சிய சிலருக்கு அந்த விடை சிகிச்சையையே மாற்றக்கூடியது என்பதால் தேடாமல் விடுவதும் சரியில்லை.

இவற்றோடு சேர்க்கக் கூடாத இன்னொரு வகை உண்டு. மக்களில் பெரும்பகுதியினரிடம் இயல்பாகவே காணப்படும், தனித்தனியே மிகச் சிறிய விளைவுடைய மரபணு வேறுபாடுகள் அவை. 2009-இல் அரிட்5பி, ஐகேஇசட்எஃப்1, சிஇபிபிஇ ஆகிய மரபணுக்களின் அருகில் இத்தகைய வேறுபாடுகள் ஏஎல்எல் நோயோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். பிறகு சிடிகேஎன்2ஏ, கேட்டா3 என்று பட்டியல் நீண்டது. இவற்றில் ஒன்று இருந்தால் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அளவில் கூடுகிறது. ஆனால் 15 வயதுக்குள் ஏஎல்எல் வரும் வாய்ப்பே ஏறக்குறைய 2000 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் என்னும்போது, ஒன்றரை மடங்கு என்பது 2000-இல் ஒன்றரைப் பேர். நோயின் உயிரியலைப் புரிந்துகொள்ள இவை விலைமதிப்பற்றவை. உங்கள் இரண்டாவது குழந்தைக்கு நோய் வருமா என்று சொல்ல இவற்றால் இயலாது. எச்சிலை அனுப்பினால் நோய் வாய்ப்பைக் கணித்துத் தருவோம் என்னும் விற்பனைப் பரிசோதனைகளை இந்தக் காரியத்துக்காக வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

குடும்ப வரைபடத்தை வரையுங்கள்

மரபியல் ஆலோசகரைப் பார்க்கப் போகும் முன் வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான். ஒரு பெரிய தாளை எடுத்து, ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையை வரையுங்கள். கீழ் வரிசையில் குழந்தையும் உடன்பிறந்தோரும், அதன் மேல் பெற்றோரும் அவர்களுடைய உடன்பிறந்தோரும், அதற்கும் மேல் இருபக்கத் தாத்தா பாட்டிகளும் வர வேண்டும். கருச்சிதைவுகளையும் சிறு வயதில் இறந்த குழந்தைகளையும் விட்டுவிடாதீர்கள். புற்றுநோய் வந்தவரின் கட்டத்தை நிழலிட்டு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று பக்கத்தில் எழுதுங்கள். 75 வயதில் வந்த புற்றுநோயும் 32 வயதில் வந்த மார்பகப் புற்றுநோயும் ஆலோசகரின் கண்ணில் ஒன்றல்ல. வயது தெரியாத வரைபடத்தால் பாதிப் பயன்தான்.

புற்றுநோயோடு கேள்வியை நிறுத்திவிடக் கூடாது. லுகேமியாவுக்கு இடங்கொடுக்கும் பல பிறவிக் கோளாறுகள் குடும்பத்தில் வேறு முகத்தோடுதான் நடமாடுகின்றன. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் நீண்ட நாள் குறைவு, பல் பிடுங்கினால் நிற்காத இரத்தம், காரணம் தெரியாத சோகை, அடிக்கடி வந்த கடுமையான தொற்று, மிக இளம் வயதிலேயே நரைத்த தலை, நுரையீரல் இறுகிப்போதல், உடலெங்கும் மருக்கள், கால் வீக்கம், பிறவிச் செவிட்டுத்தன்மை ஆகியவற்றை ஒவ்வொருவரைப் பற்றியும் கேளுங்கள். பெற்றோர் இருவரும் இரத்த உறவினரா என்பதையும் எழுதுங்கள். சில கோளாறுகள் இருவரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று வந்தால்தான் வெளிப்படும் என்பதால் அந்த விவரம் தேவைப்படுகிறது. யாரையும் குறை சொல்வதற்காக அன்று. இத்தகைய விவரங்கள் குடும்பத்தின் மூத்த பெண்மணிகளிடம்தான் பெரும்பாலும் இருக்கும். "புற்றுநோய் வந்தவர் யார்?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், "சின்ன வயதில் யாராவது இறந்தார்களா, எதனால்?" என்று கேட்டால் சொல்லத் தொடங்குவார்கள்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு வயது மகளுக்கு ஏஎல்எல். குடும்பத்தில் புற்றுநோயே இல்லை என்று தந்தை சொல்கிறார். வரைபடம் வரையும்போது, தமக்கு ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையிலும் தட்டணுக்கள் ஒரு லட்சத்தை ஒட்டியே இருக்கும், ஒரு தொந்தரவும் இல்லாததால் மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள் என்கிறார். ஒன்றரை லட்சத்துக்குக் குறைவது இயல்பன்று. அவருடைய அக்காவுக்கும் பிரசவத்தின்போது அதே குறைவு சொல்லப்பட்டிருக்கிறது. தாத்தா ஐம்பது வயதில் "இரத்தத்தில் ஏதோ கோளாறு" என்று இறந்திருக்கிறார். தாளில் மூன்று தலைமுறையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றவுடன், பயிற்சி பெற்ற ஒருவர் இடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரண்டு பெயர்களை முதலில் சொல்வார். இவற்றில் பிறவி மாற்றம் இருந்தால் தட்டணுக் குறைவும் லுகேமியாவும் ஒரே குடும்பத்தில் வரும். அந்த ஒரு மணி நேர வேலை இல்லாமல் போயிருந்தால் மூன்று செய்திகளும் மூன்று வீட்டில் தனித்தனியே கிடந்திருக்கும்.

வரைபடம் வெறுமையாக இருந்தால் பரம்பரைக் காரணம் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மேலே சொன்ன 2015 ஆய்விலேயே, பிறவி மாற்றம் இருந்து குடும்ப விவரமும் கிடைத்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்குத்தான் குடும்பத்தில் புற்றுநோய் வரலாறு இருந்தது.

குழந்தையிடமும் அறிக்கையிடமும் தேட வேண்டிய தடயங்கள்

குழந்தையின் உடலை நல்ல வெளிச்சத்தில் தலை முதல் கால் வரை ஒருமுறை பாருங்கள். பால்கலந்த காப்பி நிறத்தில், ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகலமான தழும்பில்லாத திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நியூரோபைப்ரோமட்டோசிஸ் என்ற பிறவிக் கோளாற்றின் முதல் வகைக்கு அடையாளம் அது. இளங்குழந்தைகளுக்கு வரும் ஜேஎம்எம்எல் என்ற அரிய லுகேமியா அந்தக் கோளாற்றோடு தொடர்புடையது. அதே திட்டுகள், டிஎன்ஏ எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் இரண்டு பிரதியிலும் பழுதானவர்களுக்கும் தோன்றும். கட்டைவிரல் சிறுத்தோ இல்லாமலோ இருப்பது, உயரக் குறைவு, சிறுநீரக அமைப்பில் மாறுபாடு ஆகியவை, மஜ்ஜை செயலிழக்கும் பிறவிக் கோளாறான ஃபான்கோனி அனீமியாவை நினைவூட்ட வேண்டும். நடை தள்ளாடுவதும், கண்ணின் வெள்ளையில் நுண்ணிய சிவப்பு நாளங்கள் படர்வதும் ஏடிஎம் மரபணுப் பழுதின் குறிகள். அகன்ற கண்களும் இதய வால்வுக் குறையும் சேர்ந்திருந்தால் நூனன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் கோளாற்றை எண்ணிப் பார்ப்பார்கள். நூனன் குழந்தைகளுக்கு வரும் ஜேஎம்எம்எல் போன்ற நிலை சில நேரம் தானாகவே தணிந்துவிடுவதால், அதைத் தெரிந்துகொள்வது ஒரு மஜ்ஜை மாற்று சிகிச்சையையே தவிர்க்க உதவலாம்.

டவுன் சிண்ட்ரோமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் லுகேமியாவுக்கு இடங்கொடுக்கும் பிறவி நிலைகளில் மிகுதியாகக் காணப்படுவது அதுதான். 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் இக்குழந்தைகளுக்கு லுகேமியா வாய்ப்பு 10 முதல் 20 மடங்கு கூடுதல். தட்டணு உற்பத்திச் செல்லிலிருந்து எழும், ஏஎம்எல் என்னும் மைலாய்டு லுகேமியாவின் வகைக்கு அது நூற்றுக்கணக்கான மடங்கு. பிறந்த டவுன் குழந்தைகளில் பத்தில் ஒருவர் அளவில், கேட்டா1 மரபணு மாற்றத்தோடு இரத்தத்தில் முதிராச் செல்கள் தோன்றும் ஒரு தற்காலிக நிலை ஏற்படுகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மறைகிறது. ஆனால் அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நான்கு வயதுக்குள் உண்மையான லுகேமியாவாகத் திரும்பி வருகிறது. ஆகவே டவுன் குழந்தை பிறந்தவுடன் முழு இரத்த எண்ணிக்கையும், இரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்ப்பதும் தவறாமல் நடந்தனவா என்று கேளுங்கள். தற்காலிக நிலை இருந்திருந்தால், நான்கு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த எண்ணிக்கை பார்க்கும் அட்டவணையை மருத்துவரோடு பேசி வகுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழந்தைகளின் ஏஎம்எல் வழக்கத்தைவிடக் குறைந்த கீமோதெரபிக்கே நன்றாகக் கட்டுப்படுகிறது. அதே நேரத்தில் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளின் நச்சு விளைவு அவர்களுக்குக் கூடுதல். இரண்டையும் அறிந்த குழுவிடம் சிகிச்சை பெறுவது முக்கியம்.

நோய்ச் செல்லின் அறிக்கையே சில நேரம் பிறவிக் காரணத்தைச் சுட்டிக் காட்டிவிடும். ஏஎல்எல் செல்லில் குரோமோசோம்கள் 32 முதல் 39 வரையே இருந்தால், அக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் டிபி53 மரபணுவில் பிறவி மாற்றம் இருக்கிறது. லீ, ஃப்ராமெனி என்ற இருவர் 1969-இல் விவரித்த, பல உறுப்புகளில் இளம் வயதிலேயே புற்றுநோய் வரும் குடும்ப நோய் இதுதான். ஏஎம்எல் அல்லது அதற்கு முந்தைய நிலையில் 7-ஆம் குரோமோசோம் ஒன்று குறைந்திருந்தால் கேட்டா2, எஸ்ஏஎம்டி9 ஆகிய மரபணுக்களைப் பார்க்க வேண்டும். 15, 21 ஆகிய இரண்டு குரோமோசோம்களும் ஒட்டியபடி பிறந்தவர்கள் நலமாகவே இருப்பார்கள். ஆனால் 21-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி பலமுறை பெருகிய ஓர் அரிய ஏஎல்எல் வகை அவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2700 மடங்கு என்று 2014-இல் கணக்கிட்டார்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று அறிக்கையில் இருந்தும் மரபியல் ஆலோசனை பற்றிப் பேச்சே எழவில்லை என்றால், நீங்களே எழுப்பத் தயங்காதீர்கள்.

எந்த மாதிரியில் பரிசோதிப்பது?

பல குடும்பங்களின் பணமும் காலமும் வீணாவது இந்த இடத்தில்தான். பிறவி மாற்றத்தைத் தேட நோய்ச் செல் கலக்காத திசு வேண்டும். நோய் தொடங்கிய நிலையில் எடுத்த இரத்தத்தில் லுகேமியாச் செல்கள் கலந்திருக்கும். அதில் கிடைக்கும் மாற்றம் யாருடையது என்று பிரித்தறிய முடியாது. எச்சில் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் எச்சிலில் வெள்ளணுக்கள் நிறைய இருப்பதால் அதுவும் இரத்தத்தைப் போலவே கலப்படம்தான். மற்றவரிடமிருந்து மஜ்ஜை பெற்ற பிறகு எடுக்கும் இரத்தமோ கொடையாளரின் டிஎன்ஏவைக் காட்டும்.

ஐயம் அறத் தெரிய வேண்டுமானால் தோல்தான் சிறந்தது. மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு வட்டக் கத்தியால் சிறு துண்டு எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் டிஎன்ஏவைப் படிப்பார்கள். வளர்வதற்கே சில வாரங்கள் ஆகும். இங்கே பெற்றோர் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம் உண்டு: முதுகுத் தண்டில் மருந்து செலுத்தவோ மஜ்ஜை எடுக்கவோ குழந்தையை மயக்கத்தில் வைக்கும் நாளிலேயே தோல் மாதிரியையும் எடுத்துவிட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். குழந்தை விழிக்கும்போது இடுப்பிலோ கையிலோ ஒரு சிறிய பிளாஸ்திரி மட்டும் கூடுதலாக இருக்கும். தனியாக ஒரு நாள் அழைத்துப் போய் ஊசி போட்டு எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். நோய் முழுமையாகத் தணிந்த பிறகு எடுக்கும் இரத்தமும் பல நேரம் போதுமானது. எது பொருந்தும் என்பதை ஆய்வகமே சொல்லும். முடிவு வரும் வரை கீமோதெரபியைத் தள்ளிப்போடும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

எந்தப் பரிசோதனை என்பதும் சந்தேகத்தைப் பொறுத்தது. மரபணுக்களின் எழுத்துகளைப் படிக்கும் பரிசோதனை, பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் சில நேரம் கோட்டைவிடும். அதற்குத் தனிப் பரிசோதனை இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஃபான்கோனி அனீமியாவுக்கு, குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துக் குரோமோசோம்கள் எவ்வளவு உடைகின்றன என்று எண்ணிப் பார்க்கும் பழைய முறையே இன்றும் முதன்மையானது.

கையெழுத்திடும் முன் மூன்று செய்திகளை ஆலோசகரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். லுகேமியாவுக்குத் தொடர்பில்லாத மாற்றம் ஏதேனும் கண்ணில் பட்டால் அதைச் சொல்வார்களா, எங்கள் விருப்பப்படி சொல்லாமல் விடுவார்களா? அறிக்கை யார் யார் கைக்குப் போகும், காப்பீட்டை அது பாதிக்குமா? பெற்றோரின் மாதிரியும் கூடவே சோதிக்கப்படுமா? மூன்றாவது கேள்வியோடு இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூவரின் டிஎன்ஏவையும் ஒப்பிடும்போது, யார் யாருக்கு உயிரியல் பெற்றோர் என்பதும் தெரிந்துவிடும்.

அறிக்கையைப் படிக்கும்போது

மாற்றங்களை ஐந்து படிகளாகப் பிரிப்பது 2015 முதல் பரவலாகியுள்ள வழக்கம்: நோய்க்காரணி, நோய்க்காரணியாக இருக்கக்கூடியது, பொருள் தெளிவில்லாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. முதல் இரண்டையும் வைத்துத்தான் முடிவுகள் எடுக்க வேண்டும். மிகுந்த துன்பத்தைத் தருவது நடுவில் நிற்கும் மூன்றாவது. இந்த மாற்றம் நோய் தருமா, வெறும் இயல்பான வேறுபாடா என்று சொல்ல இன்று போதிய சான்று இல்லை என்பதே அதன் பொருள். அதை வைத்துக்கொண்டு உடன்பிறந்தோரைச் சோதிப்பதோ, கொடையாளரை ஒதுக்குவதோ, கருவைக் கலைப்பதோ கூடாது. பின்னாளில் மறுவகைப்படுத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்ற பக்கத்துக்கே நகர்கின்றன.

அடுத்துப் பார்க்க வேண்டியது விழுக்காடு. பிறவி மாற்றம் இரண்டு பிரதிகளில் ஒன்றில் இருந்தால், படித்த டிஎன்ஏ இழைகளில் ஏறக்குறைய 50 சதவீதத்தில் அது காணப்படும். இரத்த மாதிரியில் 12 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது எஞ்சிய நோய்ச் செல்லுடையதாகவோ, உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் உள்ளதாகவோ இருக்கலாம். தோல் மாதிரியில் உறுதி செய்யச் சொல்லுங்கள். இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். நோய் தொடங்கியபோது எடுத்த மஜ்ஜை அறிக்கையில் 48 சதவீதமாக இருந்த ரன்எக்ஸ்1 மாற்றம், நோய்ச் செல்லே தென்படாத அளவு தணிந்த பிறகும் 49 சதவீதமாக அப்படியே நின்றால், அது நோயோடு போகவில்லை என்று பொருள். பழைய, புதிய அறிக்கைகளை அருகருகே வைத்து இந்த ஒரு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

டிபிஎம்டி, என்யுடிடி15 என்ற பெயர்கள் அறிக்கையில் வந்தால் கலங்க வேண்டாம். அவை நோய்க்கான காரணங்கள் அல்ல. மெர்காப்டோபியூரின் என்ற மாத்திரையை உடல் எவ்வளவு வேகமாகச் சிதைக்கும் என்பதைக் காட்டுபவை. அதற்கேற்ப மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள்.

பிறவி மாற்றம் உறுதியானால்

முதலில் சிகிச்சைக் குழுவுக்குத் தெரிய வேண்டும். டிபி53 மாற்றம் உள்ள குழந்தைக்குக் கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்ப்பார்கள், ஏனெனில் கதிர்பட்ட இடத்திலேயே புதிய புற்றுநோய் எழும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல். ஏடிஎம் பழுதிலும் ஃபான்கோனி அனீமியாவிலும் வழக்கமான அளவுக் கதிர்வீச்சும் சில மருந்துகளும் உயிருக்கே ஆபத்தாகலாம். மஜ்ஜை மாற்றுக்கு முன் தரும் தயாரிப்பு மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கொடையாளர். மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த அண்ணனுக்கோ தங்கைக்கோ அதே ரன்எக்ஸ்1 அல்லது கேட்டா2 மாற்றம் இருந்து, அவர் இன்று நலமாகவே காணப்பட்டாலும், அவருடைய மஜ்ஜையைக் கொடுப்பது நோயின் விதையையே திரும்பக் கொடுப்பதாகும். திசுப் பொருத்தம் பார்க்கும்போதே இந்தச் சோதனையும் முடிந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள்.

உடன்பிறந்தோருக்கு வாய்ப்பு எவ்வளவு என்பது மரபுவழியைப் பொறுத்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒற்றைப் பிரதி மாற்றமானால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இரண்டு பிரதியும் பழுதானால்தான் வெளிப்படும் வகையானால் நான்கில் ஒன்று. பெற்றோர் இருவரிடமும் மாற்றம் இல்லையென்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் முட்டை அல்லது விந்தணு உருவாக்கும் செல்களில் மட்டும் அது ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் அடுத்த கருவில் சோதித்துக்கொள்வது பற்றி ஆலோசகரிடம் பேசலாம். மாற்றம் வந்துசேர்வதும் நோய் வருவதும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்; இடிவி6 மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் லுகேமியா வருவதில்லை. பிறவி மாற்றம் எதுவுமே கிடைக்காத குடும்பத்தில், உடன்பிறந்த குழந்தைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே கூடுதல் என்றாலும், ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவைத் தாண்டாது. அவர்களுக்கு மாதாமாதம் ஊசி குத்தி இரத்தம் பார்ப்பதால் பயனில்லை, பயம்தான் வளரும்.

நலமாக இருக்கும் குழந்தையைச் சோதிப்பதற்கு ஒரே அளவுகோல் போதும்: அந்த விடை இந்த வயதிலேயே அதன் பராமரிப்பை மாற்றுமா? டிபி53 என்றால் மாற்றும். ஆண்டுதோறும் முழு உடல் எம்ஆர்ஐ, சில மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் என்று கண்காணிப்பு தொடங்கிவிடும். கேட்டா2, ரன்எக்ஸ்1 என்றால் குறித்த இடைவெளியில் இரத்த எண்ணிக்கை, தேவைப்பட்டால் மஜ்ஜைப் பரிசோதனை. கண்காணிப்பில் இருக்கும் குழந்தைக்குக் காரணமில்லாத வெளிறல், தொடர்ந்த காய்ச்சல், அடிபடாமலே தோன்றும் நீலத் தடங்கள், இரவில் எழுப்பும் எலும்பு வலி, கழுத்தில் அக்குளில் நெறிக்கட்டுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது.

குழந்தையிடம் சொல்வதையும் ஒத்திப்போட வேண்டியதில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு, "உன் உடம்பு இரத்தம் செய்யும்போது ஒரு தப்பு நடந்தது, நீ எதுவும் தவறாகச் செய்ததால் அது வரவில்லை, உன்னிடமிருந்து தம்பிக்கு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது" என்ற அளவே போதும். உடன்பிறந்தவரில் மாற்றம் இல்லாதவருக்கும் ஒரு பாரம் இருக்கும், தனக்கு மட்டும் தப்பியதே என்று. அவரிடமும் தனியாகப் பேசுங்கள்.

எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் வையுங்கள்: குடும்ப வரைபடம், நோய்ச் செல்லின் குரோமோசோம் அறிக்கை, பிறவி மாற்ற அறிக்கை, மாதிரி எடுத்த திசு, தேதி, ஆய்வகத்தின் விலாசம், பெற்ற மருந்துகளின் மொத்த அளவு. பொருள் தெளிவில்லாத மாற்றம் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆய்வகத்துக்கு எழுதி, வகை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். தாமாகவே தெரிவிப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். குழந்தை வளர்ந்து 18 வயதை எட்டும்போது அந்தக் கோப்பு அவர் கைக்குப் போக வேண்டும். ஆலோசகரின் முன்னிலையில் அதை அவரே ஒருமுறை படித்து, தமக்கு எழும் கேள்விகளைத் தாமே கேட்கும்படி ஒரு சந்திப்பை முன்பதிவு செய்துகொடுங்கள். அந்தச் சந்திப்பில் நீங்கள் வெளியே காத்திருக்கலாம்.